களைக்குது என்ற ஒரு சொல்

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு முன் றெஜினா, வேலை தருகிறோம் என்ற பள்ளிக்கூடத்துக்கு ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட வேண்டும். ஓம் என்று எழுதிய மின்னஞ்சல் செவ்வாய்க்கிழமையிலிருந்து கைபேசியில் கிடக்கிறது. அனுப்பத்தான் விரல் வரவில்லை. இதற்குப்போய் இவ்வளவு யோசிப்பதா என்று கேட்பவர்கள் ஒருநாள் ஆஸ்பத்திரி வார்ட்டில் பன்னிரண்டு மணித்தியாலம் நின்று பார்க்கட்டும், பிறகு பேசலாம்.

கனடாவில், ஸ்காபரோவில் ஒரே ஆஸ்பத்திரியில் பதினொரு வருடமாக நேர்ஸ் வேலை. இப்போது ரூஜ் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடம் தங்கள் பிள்ளைகளைப் பார்க்கிற நேர்ஸாக வரச்சொல்லிக் கூப்பிடுகிறது. காலை எட்டுக்குப் போனால் நாலரைக்கு வீடு. கோடை முழுக்க லீவு. சம்பளம் குறைவுதான். ஆனால் அவளுடைய கணவன் மரியோவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

"போன நத்தாருக்கும் நானும் பிள்ளையளும் தனியத்தான் நடுச்சாமப் பூசைக்குப் போனனாங்கள்," என்று அந்த வெள்ளிக்கிழமை காலையும் தொடங்கினான். "முழங்கால் உரஞ்சுப்பட்டா பிளாஸ்ரர் ஒட்டுறது, வயித்துக்குத்தெண்டா தாய்க்கு போன் அடிக்கிறது. உதுக்கு என்ன யோசினை? ஓம் எண்டு போடும்."

அவனுக்கு என்ன தெரியும்? சொன்னால்தானே தெரியும். பங்குனியில் நடந்ததை அவள் கட்டின புருசனுக்கும் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சுவாமிக்கும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். வார்ட்டில் ஸ்ரீஸ்கந்தராசா என்று ஒரு யாழ்ப்பாணத்து ஐயா படுத்திருந்தார். எழுபத்திரண்டு வயது, இருதய வருத்தம். ஆங்கிலம் தாங்க்யூவோடு சரி. ஊரில் நேர்ஸ்மாரைக் கூப்பிடுகிற மாதிரி இவளையும் மிஸி என்றுதான் கூப்பிடுவார். ஒரு மாலை, அவள் வேலை முடிந்து போக இருபது நிமிடம் இருக்கையில், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "மிஸி, களைக்குது பிள்ளை" என்றார். அப்போதுதான் கழிவறைக்கு நடந்துவிட்டு வந்திருந்தார். இயந்திரத்தில் எண்கள் ஒழுங்காகத்தான் இருந்தன. "படுங்கோ ஐயா, சரியாப் போம்" என்று தலையணையை உயர்த்தி வைத்தாள். பிறகு கணினியில் ஆங்கிலத்தில் ஒரு சொல் அடித்தாள். டயேர்ட்.

களைக்குது என்றால் அலுப்பும்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் எங்கள் ஆட்களில் ஓர் இருதய நோயாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு களைக்குது என்றால் மூச்செடுக்க முடியவில்லை என்றுதான் அர்த்தம். தொய்வால் இரவிரவாய் மூச்சிழுத்த தகப்பனோடு வளர்ந்த றெஜினாவுக்கு அது தெரியாத சொல்லா? காதில் தமிழாக விழுந்தது விரலுக்கு வரும்போது ஆங்கிலமாகிக் கெட்டுப் போயிற்று. தமிழ் தெரியாத நேர்ஸ் நின்றிருந்தால் மொழிபெயர்க்க ஓர் ஆளைக் கூப்பிட்டிருப்பாள், அந்த ஆள் இரண்டு தரம் கேட்டிருக்கும். இரவு வேலைக்கு வந்தவள் டயேர்ட் என்று வாசித்துவிட்டு, பாவம், மனுசன் நித்திரை கொள்ளட்டும் என்று விட்டாள். விடிவதற்கு முன் ஐயாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

நல்ல காலம், பிழைத்துவிட்டார். இரண்டு கிழமையில் வீட்டுக்கும் போய்விட்டார். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது, பதிவில் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது. அது பிழை என்று தெரிந்தவள் அதை எழுதியவள் மட்டும்தான்.

அன்று தொடக்கம் வேலையில் தான் எழுதுகிற ஒரு வரியை மூன்று தரம் வாசிப்பாள். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, எதையாவது விட்டுவிட்டேனோ என்று வார்ட்டுக்கு போன் அடிப்பாள். அப்போதுதான் பள்ளிக்கூடத்து விளம்பரம் கண்ணில் பட்டது. கடவுளே அனுப்பியது என்று நினைத்தாள். பிள்ளைகள் தப்பாமல் இங்கிலீஷில் சொல்லுவார்கள், முழங்கால் காயத்தில் மூச்சு முட்டாது.

வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு. காலையில் பள்ளிக்கூடத்தைப் போய்ப் பார்த்தாள். வேலையை விட்டுப் போகிற நேர்ஸ் ஸ்டெபனி சின்னப் பெட்டை, இங்கே பிறந்த தமிழ்ப்பிள்ளை. ஒரு கட்டில், ஒரு சின்னக் குளிர்சாதனப் பெட்டி, ஒரு யன்னல் உள்ள அறையைத் திறந்து காட்டினாள். சுவரில் முப்பத்தொரு பிள்ளைகளின் படம் ஒட்டியிருந்தது. கச்சான் கடலை பட்டால் தொண்டை வீங்குகிற பிள்ளை, வலிப்பு வருகிற பிள்ளை, சீனி வருத்தத்துக்கு ஊசி போடுகிற ஆறு வயதுப் பிள்ளை.

"மோஸ்ட்லி குவயட்தான் அக்கா," என்றாள் ஸ்டெபனி. "பட் ஏதும் நடந்தா, ஆம்புலன்ஸ் வருமட்டும் இட்ஸ் ஜஸ்ட் யூ."

றெஜினா சுவரிலிருந்த முப்பத்தொரு முகங்களையும் திரும்பிப் பார்த்தாள். வார்ட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஆறு பேர் ஓடிவருவார்கள். இங்கே அந்த ஆறு பேரும் இவள்தான். தான் தேடினது வேலையை இல்லை, ஒளிக்க ஓர் இடத்தை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் வார்ட்டுக்குத் திரும்புவதை நினைத்தாலும் பயம். போகவும் பயம், நிற்கவும் பயம்.

மூன்று மணிபோல் பிளாசாவில் தமிழ்க்கடைக்குள் போய் பிள்ளைகளுக்கு ரோல்ஸ் வாங்கினாள். காசு கொடுக்கிற வரிசையில் நிற்கையில் முன்னால் நின்றவள் திரும்பினாள். ஐம்பது வயது இருக்கும். கையில் மரக்கறிப் பை.

"மிஸி, நீங்கள்தானே? நான் யோகராணி. ஸ்ரீஸ்கந்தராசாவின்ரை மகள்."

றெஜினா ரோல்ஸ் பொதியை மற்றக் கைக்கு மாற்றினாள். "ஐயா எப்பிடி, அக்கா?"

"இருக்கிறார். திங்கக்கிழமை திருப்பி வரச் சொல்லியிருக்கினம், நெஞ்சுக்குள்ளை மிஷின் வைக்க. உங்கடை வார்ட்டிலைதானாம். அந்த மிஸி நிண்டாத்தான் வருவன் எண்டு நிக்கிறார். தான் சொன்னது விளங்கின ஒரே ஆள் நீங்கள்தானாம்." யோகராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நிப்பியள்தானே?"

நான் வேலையை விடுகிறேன் அக்கா, மற்றவர்களும் நல்லாய்ப் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டுத் தப்பியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்ததும் அதுதான்.

"இல்லை அக்கா," என்றாள் றெஜினா. "அண்டைக்கு அவர் சொன்னது எனக்கு விளங்கேல்லை."

வரிசையை விட்டு விலகி, அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள். களைக்குது என்று அவர் சொன்னது, இவள் எழுதியது, இரவு நேர்ஸ் வாசித்தது. ஒன்றையும் குறைக்கவில்லை. யோகராணி பிடித்திருந்த கையை எப்போது விட்டாள் என்று தெரியாது.

"அப்பா செத்திருந்தா இதைச் சொல்லியிருப்பியளோ?"

றெஜினா யோசித்தாள். "தெரியாது அக்கா."

யோகராணி மரக்கறிப் பையை அரிசி மூட்டையின் மேல் வைத்தாள். கண் சிவந்திருந்தது. பிறகு, "திங்கக்கிழமை அவர் திரும்பவும் களைக்குது எண்டு சொன்னா?" என்று கேட்டாள்.

"மூச்செடுக்க ஏலாமல் கிடக்கு எண்டு எழுதுவன். எழுதிப்போட்டுப் போகமாட்டன். டொக்ரர் வருமட்டும் பக்கத்திலை நிப்பன்."

"அப்ப நில்லுங்கோ."

மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. போயிட்டு வாறன் என்றும் சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

காருக்குள் ஏறியபோது மூன்றே முக்கால். ஓம் என்ற மின்னஞ்சலை அழித்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு இல்லை என்று எழுதி அனுப்பினாள். இனி ஆஸ்பத்திரியும் போ என்று சொன்னால் வேறு வேலை கையில் இல்லை. அது தெரிந்துதான் வார்ட் மனேஜருக்கு போன் அடித்தாள். மணி நாலு தரம் அடித்தது. எடுக்கக்கூடாது என்று ஒருகணம் மாதாவை வேண்டிக்கொண்டாள். மனேஜர் எடுத்துவிட்டாள்.

"பங்குனி மாதப் பதிவு ஒன்றில் ஒரு சொல் பிழை," என்று றெஜினா ஆங்கிலத்தில் சொன்னாள். "எழுதியது நான்."