இடது கையால் உண்டவர்கள்

அந்தக் கல்லச்சுப் படத்தில் தெருவோரம் இலை போட்டு உண்டவர்கள் நால்வரா, ஐவரா என்பதில் இப்போது எனக்குச் சந்தேகம். பக்கத்து வீட்டு ஜோவிதா அக்கா அதை மேசையில் விரித்த நாளும் சரியாக நினைவில்லை. அவர் சொன்னது நினைவிருக்கிறது.

“பிரான்சுல, துலூஸ்ல ஒக்காந்துனு என் தம்பி ரொபேர் வீட்ட விக்கணும்ன்றான். வாங்கறவன் மறுநாளே இடிச்சிடுவான். படத்துல இருக்கறது இந்த வீடுதான்னு எழுதிட்டாங்கன்னா ஒருத்தனும் கை வைக்க முடியாது. கீழ இருக்கற பிரெஞ்ச மட்டும் படிப்பா.”

பழைய வீடுகளைப் பட்டியலிடும் குழுவின் பொறியாளர் வினோத்குமார் எதிரில் அமர்ந்திருந்தார். படித்துச் சொன்னேன். ‘கடலை நோக்கும் தெரு, 1843’.

படத்தில் இடப்பக்கம் மரத்தூண்கள் தாங்கிய மாடி வீடு. கடலைப் பார்த்து நின்றால் அக்கா வீடும் இடப்பக்கம்தான். வலப்பக்கம், எதிர்வீட்டு அரிகிருஷ்ணனின் வீடு இருக்கவேண்டிய இடத்தில், வெறும் மதில்.

பிறகுதான் கைகளைப் பார்த்தேன். உண்டவர்கள் எல்லோரும் இடது கையால் உண்டார்கள். நாவிதன் இடது கையால் மழித்தான். கூடைக்காரிகளின் முந்தானை வலத்தோளில் கிடந்தது. ஒருவன் இடக்கையனாக இருக்கலாம். ஒரு தெருவே அப்படி இருக்காது. ஓவியன் கண்டதைக் கண்டபடியே கல்லில் வரைந்திருக்கிறான். தாளில் அச்சு விழும்போது இடம் வலமாகிவிட்டது. எழுத்தை மட்டும் கவனமாகத் திருப்பி எழுதியிருக்கிறான். மரத்தூண் வீடு அரிகிருஷ்ணனுடையது. மதில் நின்ற இடத்தில் பிறகு எழுந்தது அக்காவின் வீடு.

“என்னாப்பா, படத்துல பொண்ணு பாக்கறியா? வாயத் தொற,” என்றார் அக்கா.

வினோத்குமார் சிரித்தார். “வேற எதாச்சும் எழுதியிருக்கா சார்?”

எழுதியிருப்பதைத்தான் அவர் கேட்டார். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல,” என்றேன்.

வீடு பட்டியலில் ஏறியது. அதன்பின் அதை இடிக்க முடியாது. ஓர் உத்தரத்தை மாற்றவும் அனுமதி வேண்டும். அக்கா மனுக் கொடுத்து ஒன்றரை ஆண்டாகியும் அனுமதி வரவில்லை. கார்த்திகை மழையில் ஒரு மதியம் மாடித் தளம் இடிந்து இறங்கியது. கீழே அவர் படுத்திருந்தார்.

ஜோவிதா அக்காவை உப்பளம் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். ரொபேர் அடக்கத்துக்கு வந்தார், மனையை விற்றார், திரும்பிப் போனார். அரிகிருஷ்ணன் பட்டியலில் இல்லாத தன் வீட்டை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார். வினோத்குமாருக்குக் காரைக்காலுக்கு மாற்றல். நான் இப்போது புதுச்சேரியின் இன்னொரு பக்கம், சாரம் பகுதியில் குடியிருக்கிறேன்.