ஓப்ராடின் வெள்ளை ஒயர்கள்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செர்பியாவின் நோவி சாத் நகரில் என் வீட்டு மேல்மாடிக்காரர் ஒரே பாட்டின் முதல் வரியை வாரக்கணக்கில் போட்டுப் போட்டு நிறுத்துகிறார். தனியாள். அவருக்கு ஓப்ராட் என்று பெயர் வைத்து, டெசாங்கா என்ற மனைவியையும் கொடுத்தேன். அத்தனை பாட்டுக் கருவிகளுக்கு நடுவே கேட்பதற்கு ஒருவராவது வேண்டாமா?

2

“நவம்பர் மூட்டத்தில் டானூப் நதி...” (வேண்டாம். நதி என்ன செய்தது, பாவம்.)

மறுபடி: ஓப்ராட் ஸ்பீக்கர்களைத் திறந்து கிராஸ்ஓவர்களை வெளியே எடுத்தான். கனத்த ஒலியைப் பெரிய ஸ்பீக்கருக்கும் மெல்லியதைச் சின்ன ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் பலகைகள் அவை. உள்ளே இருந்தால் அதிர்வில் நடுங்குமாம்; தனிப்பெட்டியில் வெளியே வைத்தால் நிம்மதியாக வேலை செய்யுமாம். அதுவரை சரி. பிறகு சிவப்பு, கறுப்பு ஒயர்களைத் தூக்கிப்போட்டான். சாயம் ஒலியைக் கெடுக்குமாம்! எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளைப் பருத்தி ஒயர். எது ப்ளஸ், எது மைனஸ் என்பதை மனதில் வைத்துக்கொண்டான். இடது ட்வீட்டருக்கு மட்டும் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டான்.

3

சர்மா என்ற இறைச்சிப் பலகாரத்துக்கு முட்டைக்கோஸ் இலை சுருட்டிக்கொண்டிருந்த டெசாங்காவுக்கு, ஒயர் மாறியது கேட்டதுமே தெரிந்துவிட்டது. முன்பு பாட்டைப் போட்டால் பாடகி இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே நின்று பாடுவாள். இப்போது எங்கும் நிற்கவில்லை. குரல் சுவரெல்லாம் சிதறிக் கிடந்தது.

டெசாங்காவின் கண்களில் நீர்— (இல்லை. அழுகிற ரகம் இல்லை அவள்.)

மறுநாள் ஸ்லாவா, குடும்பப் புனிதரின் விருந்து. கல்யாணத்தில் சாட்சி நின்ற ‘கும்’ மிலுதின் வருவார். அவர் ஒருமுறை தலையசைத்தால் ஓப்ராட் வருடம் முழுக்க நிமிர்ந்து நடப்பான். அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். “அவள் பேச்சுக்கு அந்த அறையில் நாற்காலி இல்லை” என்று எழுதினேன். அழகான வாக்கியம், ஆனால் பொய். அவன் ஒருமுறை தோற்பதைப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் ஆசை. அவ்வளவுதான்.

4

மிலுதின் நடு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

“அடேங்கப்பா! என்ன ஆழம்டா ஓப்ராட்! அவ எங்க நின்னு பாடுறான்னே தெரியலையே!”

“அதான் கும், கிராஸ்ஓவரைக் காத்தாட வெளிய வைக்கணும்ங்கிறது.”

“போன வருஷம் ‘கண்ணு முன்னால நிக்கிறா’ன்னு புகழ்ந்தீங்களே?” டெசாங்கா ராக்கியா என்ற பழச்சாராயக் கிண்ணங்கள் வைத்த தட்டை நீட்டினாள்.

“அது பழைய ரசனை, தங்கச்சி. இதெல்லாம் பழகின காதுக்குத்தான் பிடிபடும். நீ போய் சர்மாவைப் பாரு, அடி பிடிச்சிரப் போகுது.”

விருந்துக்கு வந்த எல்லோரும் சிரித்தார்கள். ஓப்ராட் சிரிக்கவில்லை. பாட்டை முதலிலிருந்து போட்டு, இடது பெட்டியருகே குனிந்தான். நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது.

“டெசா, நீ சொல்லு. நல்லா இருக்கா?”

இத்தனை வருடத்தில் அவளிடம் அவன் இதைக் கேட்டதில்லை.

5

“ஒயரை மாத்திக் குடுத்திருக்கே” என்கிறாள். (பெண் வென்றாள், கைதட்டுங்கள். இனி அவன் கேட்கவே மாட்டான்.)

“அருமையா இருக்கு” என்கிறாள். (அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இனி அவள் சொல்லும் எந்த அருமையும் செல்லாது.)

கரண்ட் போகிறது. (எழுத்தாளரின் கோழைத்தனம்.)

அவன் கேட்டது ஸ்பீக்கரைப் பற்றியா, தன்னைப் பற்றியா? அவளுக்குத் தெரியாது. படைத்த எனக்கும் தெரியாது. மிலுதின் கண் திறந்து அவளைப் பார்க்கிறார். அவளுக்குப் பதிலாக நீங்களே சொல்லிவிடுங்கள். சீக்கிரம். நீங்கள் தயங்குவதையும் அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.