சுத்தமான மந்தை என்றொரு சான்றிதழ்

என் புருஷன் பசிலியோவைப் போலக் கெட்டிக்காரன் இந்த நெப்ரோதி மலையிலேயே கிடையாது. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவனைப் படுக்கையில் தள்ளியது. யார் காதில் விழுந்தாலும் எனக்குக் கவலையில்லை, சொல்லிவிடுகிறேன்.

நவம்பரில் எங்கள் ஆடுகளில் பதினொன்று மாசம் நிறையாமலே குட்டி வீசின. செத்த குட்டிகளை வெறுங்கையால் இழுத்துப் போட்டவன் அவன்தான். அது ஆட்டிலிருந்து ஆளுக்கும் தொற்றுகிற மால்டாக் காய்ச்சல் என்று மலையில் பிறந்த எவருக்கும் தெரியும். கால்நடை அலுவலகத்திலிருந்து ரத்தம் எடுக்க வருகிறார்கள் என்ற சேதி கிடைத்ததும் அந்தப் பதினொன்றையும் ஓடைப் பள்ளத்தில் ஒளித்தான். அவற்றின் காதிலிருந்த எண் வில்லைகளை அறுத்தெடுத்து, என் அண்ணனிடம் இரவல் வாங்கிய நல்ல ஆடுகளின் காதில் மாட்டினான். வந்தவர் குத்தி ரத்தம் எடுத்தார், கிளம்பிப் போனார். மூன்று வாரத்தில் ‘சுத்தமான மந்தை’ என்று சான்றிதழ் வந்தது. பசிலியோ அன்று பட்டி முழுக்கப் பாடிக்கொண்டே திரிந்தான்.

ஜனவரிக் குளிரில் அவனுக்கு இடுப்பு வலி ஆரம்பித்தது. சாயங்காலமானால் காய்ச்சல்; விடிந்தால் பிழியப் பிழிய வேர்வை. ஊர் டாக்டர் டிஸ்க் என்று சொல்லி முதுகில் ஊசி போட்டார். வலி அடங்குவதற்குப் பதில் அடுப்பில் எண்ணெய் ஊற்றியது போலானது. ஏப்ரலில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னான்.

“நுன்சியா, ஆடு குட்டி வீசின கதையை அங்க வாயத் திறக்கக் கூடாது. தெரிஞ்சா மந்தையையே வெட்டுறதுக்கு லாரில ஏத்திருவானுங்க. அப்புறம் நான் எதுக்குடி உசுரோட இருக்கணும்?”

“உன் முதுகு முக்கியமா, ஆடு முக்கியமாய்யா?”

“தூரின்ல இருக்கிற நம்ம பொண்ணு கண்ணு மேல சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். எங்கள் ஊரில் அந்தச் சத்தியத்தை மீறினால் பிள்ளையின் கண் போய்விடும் என்பார்கள். நான் அதை நம்பாதவள் என்று இன்று சொன்னால் அது பொய்.

ஆஸ்பத்திரியில் ஸ்பதாரோ என்ற பெண் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். இடுப்புக்கு மேலே இரண்டு எலும்புகள் அரித்துப்போய், நடுவில் சீழ் கட்டியிருந்தது.

“ஆடு மேய்க்கிறவர்தானே? இந்த வருஷம் ஏதாவது ஆடு குட்டி வீசிச்சா?”

“ஒண்ணுகூட இல்ல டாக்டரம்மா. சர்டிபிகேட்டே வச்சிருக்கேன்.” நெஞ்சுப் பையிலிருந்து எடுத்து நீட்டினான்.

அவர் கால்நடை அலுவலகத்துக்கே போன் போட்டுக் கேட்டார். சுத்தமான மந்தைதான் என்றார்கள். ரத்தச் சோதனையோ அப்படியும் இல்லை, இப்படியும் இல்லை என்று வந்தது. கடைசியில் காகிதம்தான் ஜெயித்தது. எலும்பு டிபி என்று மாத்திரை ஆரம்பித்தார்கள்.

முதல் நாள் அவனே கக்கூசுக்கு நடந்து போனான். நான்காம் நாள் என் தோளைப் பிடித்துக்கொண்டான். ஏழாம் நாள் இடது கால் செருப்பு வழியில் கழன்று கிடந்தது. அது அவனுக்குத் தெரியவே இல்லை.

“யோவ், கால் போகுதுய்யா. நான் சொல்லிடறேன்.”

“பொண்ணு கண்ணு, நுன்சியா.”

“எந்த நேரத்துல என்னைக் கட்டிப் போட்ட, பாவி!”

“மாத்திரை வேலை செய்யும். பொறு.”

பொறுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு நாள் பொறுத்தேன். ஒன்பதாம் நாள் காலையில் படுக்கை நனைந்திருந்தது. “தண்ணிய ஏன்டி கொட்டின?” என்று என்னைக் கேட்டான். இடுப்புக்குக் கீழே ஈரம்கூட அவனுக்கு உறைக்கவில்லை. நான் வெறுங்காலோடு டாக்டர் அறைக்கு ஓடினேன்.

எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“இது எப்ப இருந்து உங்களுக்குத் தெரியும்?”

“நவம்பர்ல இருந்து.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை, ஆபரேஷன் அறைக்குப் போன் போட்டார். அன்றே முதுகைத் திறந்து சீழை எடுத்தார்கள், மருந்தையும் மாற்றினார்கள். வெளியே நின்று நான் மகளுக்குப் போன் போட்டேன்.

“கண்ணு நல்லாத் தெரியுதாடி?”

“என்னம்மா உளர்ற? அப்பா எப்படி இருக்கார்?”

போனை வைத்துவிட்டேன்.

அந்த வாரமே ஊரில் லாரி வந்தது. ஒரு ஆடுகூட மிச்சமில்லை என்று அண்ணன் போனில் அழுதான். எனக்கு அழ நேரமில்லை. சீழ் நரம்பை வெகுநாள் அழுத்திவிட்டது, கால் திரும்புமா என்பதைச் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். “ஒரு வாரம் முன்னாடி தெரிஞ்சிருந்தா...” என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பசிலியோ நான்கு நாள் என்னோடு பேசவில்லை. சத்தியத்தை மீறியவள், மந்தையை அழித்தவள் என்று ஏசுவான் என்றுதான் காத்திருந்தேன். வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தேன். ஐந்தாம் நாள் கூரையைப் பார்த்தபடியே வாய் திறந்தான்.

“நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமேடி.”

அவன் கழுத்தை நெரித்துவிடலாம் போலிருந்தது. அவன் சொன்னது உண்மை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் காலை எடுத்து மடியில் வைத்து அமுக்கினேன். நான் அமுக்குவது அவனுக்குத் தெரியவில்லை.