கூடுதலாக ஒரு நட்சத்திரம்

ஊர் நடுவில் போர் நினைவுக்கல் வைக்கப்போகிறார்கள் என்றதும் தலைகால் புரியாமல் திரிந்தவள் டயர்க்கடைக்காரரின் மனைவிதான். பட்டாளத்தில் லாரி ஓட்டிய அவள் கணவர் பெயரும் அதில் வருகிறதே. மனுஷர் அந்தக் காலத்தைப் பற்றி மூச்சு விட்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், புகுந்த வீட்டில் வேறு ஆளும் இல்லை. அவர் ஒற்றைப் பிள்ளை, பெற்றவர்களும் போய்ச் சேர்ந்தாயிற்று. ‘கொழுந்தன், நாத்தனார்னு வம்பிழுக்கக்கூட ஆளில்லாத வீடு’ என்று அவள் அடிக்கடி குறைப்பட்டுக்கொள்வாள்.

அவரிடம் ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. டயர் மாற்றிக் கிளம்பும் லாரி கண்ணுக்கு மறையும்வரை கடை வாசலிலேயே நிற்பார். “பொண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புற மாதிரியில்ல நிக்கிறீங்க” என்று கேலி செய்வாள். அதற்கும் சிரிப்புதான் பதில்.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் காலை, பொறுக்கமாட்டாமல் கல்லைப் பார்க்கப் போனாள். கணவர் பெயரைத் தேடிப் பிடித்தாள். பக்கத்தில் ஒரு நட்சத்திரம். போரிலிருந்து திரும்பியவர்களுக்கு வெறும் பெயர்தான். திரும்பாதவர்களுக்கு மட்டுமே நட்சத்திரம்.

“குத்துக்கல்லாட்டம் கடையில உக்காந்திருக்காரு. அவரைப் போய் சாகடிச்சிட்டீங்களே அண்ணே.”

பக்கத்தில் மிச்ச வேலையை முடித்துக்கொண்டிருந்த கல்தச்சர் தலையைச் சொறிந்தார். உளியை மாற்றி மாற்றி எடுக்கச் சோம்பல்பட்டு, நட்சத்திரங்களை எல்லாம் முதலில் வெட்டிவிட்டு, அப்புறம் பெயர்களை வெட்டியிருக்கிறார். அதில் ஒன்று ஒரு வரி கீழே இறங்கிவிட்டது. மேல்வரிக்குப் புதிதாக ஒன்று வெட்டிச் சமாளித்தவர், இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார்.

“கோவிச்சுக்காத தங்கச்சி. கல்லுப்பொடியைப் பசையில குழைச்சு அடைச்சுடறேன். இருந்த இடம் தெரியாது.”

பசை குழைவதற்குள் விஷயம் கடைக்குப் போய்விட்டது. டயர்க்கடைக்காரர் கறுத்த கையோடு வந்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நட்சத்திரத்தைத் தடவிப் பார்த்தார்.

“இது இருக்கட்டும்.”

“கிறுக்கா உங்களுக்கு? உயிரோட இருக்கிறவருக்கு எதுக்குங்க இது?”

“எனக்கில்ல.”

கல்லின் படியில் உட்கார்ந்தார். அத்தனை வருடம் பூட்டிக் கிடந்த வாய் மெல்லத் திறந்தது.

“அன்னிக்கு வரிசையில முதல் வண்டி என்னோடது. டயர் வெடிச்சுது, ஒதுக்கி நிறுத்தினேன். பின்னாடி வந்தவன், ‘நீ மாத்திட்டு வா, நான் முன்னாடி போறேன்’னு கையை ஆட்டிட்டுப் போனான். அடுத்த திருப்பத்துல கண்ணிவெடி இருந்துச்சு.”

லாரிகள் மறையும்வரை அவர் ஏன் நிற்கிறார் என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கேலி செய்த நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

“அவன் அநாதை இல்லத்துல வளர்ந்தவன். சொந்தம்னும் இல்ல, ஊர்னும் இல்ல. எந்தக் கல்லுல அவனை எழுதுவாங்க? இங்க போடலாமான்னு கேட்டேன். நம்ம ஊர்க்காரனா இருக்கணுமாம். அதுவும் நியாயம்தான். ஆனா இதைப் பாத்ததும், அவனே வந்து எம்பக்கத்துல இடம் பிடிச்ச மாதிரி இருக்கு.”

நட்சத்திரத்தைப் பார்க்க அவளுக்கு இன்னமும் பயமாகத்தான் இருந்தது. அதற்காக அதை அடைக்கச் சொல்லவும் மனம் வரவில்லை. அவர் அருகில் உட்கார்ந்தாள்.

“உங்களுக்கு மூத்தவரா, இளையவரா?”

“ரெண்டு வயசு சின்னவன்.”

கல்தச்சர் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, பசை வேண்டாம்.”

மறுநாள் ஊரே திரண்டிருந்தது. நட்சத்திரம் பெற்றவர்களின் வீட்டார் ஒவ்வொருவராகப் போய்ப் பூ வைத்தார்கள். கடைசி ஆளாக டயர்க்கடைக்காரரின் மனைவியும் பூவோடு போனாள். விழாத் தலைவரான மருந்துக்கடைக்காரர் பதறி ஓடிவந்தார்.

“என்னம்மா இது? உன் வீட்டுக்காரர்தான் இதோ நிக்கிறாரே. அந்த நட்சத்திரம் தப்பா விழுந்ததுதானே? யாருக்குப் பூ வைக்கிற?”

அவள் பூவைச் சரியாக நட்சத்திரத்துக்குக் கீழே வைத்தாள்.

“என் கொழுந்தனாருக்கு.”

கூடப்பிறந்தவர் யாருமில்லாத டயர்க்கடைக்காரர், ஊர் பார்க்கிறதே என்று நினைக்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.