மணிக்கூண்டுத் தேனீக்கள்

படைப்பைக் காக்கும் ஞாயிறு என்று சிறப்பு ஆராதனைக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். அதற்காக ஆலயத்தைச் சுத்தம் செய்தவர்கள் மணிக்கூண்டிலிருந்த தேன்கூட்டுக்கு மருந்தடித்துவிட்டார்கள். மறுநாள் அதைப் தேனீப் பெட்டிக்கு மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்த பூச்சியியல் ஆசிரியை கேள்விப்பட்டதும் ஓடிவந்தாள்.

“ஒரு நாள் பொறுக்க முடியலையா அத்தான்?”

சபைச் செயலாளரான அக்கா கணவர் பல்லைக் காட்டினார். “வர்றவங்களைக் கொட்டினா யாரு பதில் சொல்றது? கர்த்தர் வேற படைப்பாரு, விடும்மா. ஞாயித்துக்கிழமை நீதானே தேனீயைப் பத்திப் பேசப்போற? ஜமாய்ச்சிடு.”

“கொன்னது நீங்க, பேசறது நானா?”

செத்த தேனீக்களைக் கூட்டி அள்ளினாள். நேராகப் பலிபீடத்துக்குப் போய் வெள்ளை விரிப்பின்மேல் கவிழ்த்தாள்.

“ஐயோ, புது விரிப்பு!”

“படைச்சவர் முன்னாடி வெச்சிருக்கேன். எடுக்கணும்னா அவர்கிட்ட கேட்டுட்டு எடுங்க.”