மூன்று மென்பொருள்களும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையும்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்த முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மடிக்கணினிக்கு எதிரே, முதுகு சாய்க்க வழியில்லாத முக்காலியில் அவள். அவளுக்கு வலப்பக்கம், கட்டில் விளிம்பில், இன்னும் குளிக்காத கோலத்தில் அவள் கணவன், லிஃப்ட் மெக்கானிக். கதவை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் கணவனின் அக்கா, தையல்கடைக்காரி. மடியில் பித்தான் வைக்க வேண்டிய இரண்டு சட்டைகள். ஜன்னல் கட்டையில் ஒரு காலைத் தொங்கவிட்டபடி கணவனின் தம்பி. செல்போன் பழுது பார்ப்பவன். காசு கொடுத்து எதையும் வாங்கிய சரித்திரம் இல்லாததால் வீட்டில் அவனுக்கு ஓசி என்றே பெயர்.

கூடிய காரணம் ஒன்றுதான். அவள் எந்த வரைகலை மென்பொருளை வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டும்.

மருந்து மொத்த வியாபாரக் கிடங்கு ஒன்றில் பதினொரு வருடம் பில் போட்டவள் அவள். ஜன்னல் இல்லாத அறை. மாலை வகுப்பில் ஆறு மாதம் வலைத்தள வடிவமைப்பு படித்தாள். படித்த கையோடு சம்பளமில்லாத விடுப்பு நாற்பது நாள் கேட்டு வாங்கியிருந்தாள். மேலாளர் ஒரு நிபந்தனையோடுதான் கொடுத்தார். "நாப்பதாம் நாள் வர்றீங்களா இல்லையான்னு கையெழுத்துப் போட்டுத் தபால்ல அனுப்பணும். போன்ல சொன்னா செல்லாது. கடுதாசி வரலைன்னா அந்த நாற்காலில வேற ஆள உக்கார வெச்சிடுவேன்."

முதல் வேலை கிடைத்திருந்தது. புதிய வணிக வளாகத்தில் கடை திறக்கப்போகும் மூக்குக்கண்ணாடிக்காரர் தன் கடைக்கு ஒரு வலைத்தளம் கேட்டிருந்தார். அது அவருக்குப் பிடித்துவிட்டால் வளாகத்தின் மற்ற எட்டுக் கடைகளிலும் அவளைப் பற்றிச் சொல்வதாக வாக்களித்திருந்தார். எட்டில் நான்கு வந்தால் போதும், கிடங்குக்குத் திரும்ப வேண்டியதில்லை.

"துணி வர்றதுக்கு முன்னாடியே கத்தரிக்கோல் வாங்கறியே" என்றாள் அக்கா, நூலைப் பல்லால் கடித்தபடி.

"துணி வந்தாச்சுக்கா. கண்ணாடிக்காரர் சொல்லிட்டாரே."

"சொல்றதுக்கென்ன, வாயா வலிக்குது?"

அவள் ஒரு நோட்டைப் பிரித்தாள். அதில் மென்பொருள்களுக்கு அ, ஆ, இ என்று பெயர். அ, உலகமே பயன்படுத்துவது. மாதாமாதம் வாடகை கட்ட வேண்டும். ஆ, ஒருமுறை வாங்கினால் காலத்துக்கும் சொந்தம். இ, இணையத்திலேயே திறப்பது, வருடச் சந்தா.

"இலவசமா ஒண்ணு இருக்கே அண்ணி, அத ஏன் விட்டீங்க?" என்றான் ஓசி.

"அதையும் எழுதியிருக்கேன் தம்பி. ஈ."

"சரியாத்தான் பேரு வெச்சிருக்க" என்றாள் அக்கா. "கடையில உக்காந்து ஓட்டறதுக்கு ஆகும்."

கணவன் சிரித்தான். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினான்.

மூன்றுக்கும் முப்பது நாள் சோதனைக் காலம் உண்டு. ஒன்று ஒன்றாகப் போட்டால் தொண்ணூறு நாள் ஓசியிலேயே ஓட்டலாமே என்றான் தம்பி.

"அது நியாயமில்ல தம்பி. ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு மாசம் பாத்தா, போகப்போக என் கை பழகிடும். கடைசியா வர்றதுக்கு அது லாபம். மூணையும் ஒரே நாள்ல போட்டாத்தான் ஒப்பிட முடியும்."

"பரீட்சையா வெக்கறீங்க?"

"ஆமா. காசு குடுக்கப்போறது நான்தானே."

விடுப்பின் முதல் நாளான திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மூன்றையும் நிறுவினாள்.

முதல் பன்னிரண்டு நாள் ஒப்பிடுவதிலேயே போனது. ஒரே மூக்குக்கண்ணாடியை மூன்றிலும் வரைந்தாள். செல்போனில் நேரம் வைத்துக்கொண்டு வரைந்தாள். வளைவு எதில் வழுக்காமல் வருகிறது, நிழல் எதில் இயல்பாக விழுகிறது, கோப்பைச் சேமிக்க எது அதிக நேரம் எடுக்கிறது. நோட்டில் பதினேழு வரிசை, மூன்று பத்தி. பன்னிரண்டாம் நாள் மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தாள். அறுபத்தொன்று, அறுபத்தொன்று, அறுபது. திரும்பக் கூட்டினாள். அதேதான்.

"வேலைய ஆரம்பிம்மா" என்றான் கணவன். "ஒவ்வொண்ணுல எது நல்லா வருதோ அத அதுல பண்ணு. வாங்கறத அப்பறம் பாத்துக்கலாம்."

அது அவளுக்குச் சரியென்று பட்டது. கடைமுகப்பின் புகைப்படத்தை அ-வில் திருத்தினாள். கடைச் சின்னத்தை ஆ-வில் வரைந்தாள். பக்கங்களை இ-யில் அடுக்கினாள். ஒவ்வொன்றும் தான் கெட்டிக்காரத்தனமாகச் செய்வதைச் செய்தது. அந்தப் பதினேழு நாளும் அவள் நன்றாகத் தூங்கினாள், நன்றாகச் சாப்பிட்டாள், நாத்தனார் குத்தியதற்கெல்லாம் சிரித்தாள். இருபத்தொன்பதாம் நாள் வேலை முடிந்தது. முப்பதாம் நாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக்காரரிடம் போனாள்.

சுவரெல்லாம் ஈரச் சுண்ணாம்பு வாசம். இன்னும் அலமாரி வராத கடையில் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து அவர் பார்த்தார். திரையைத் தொட்டே பார்த்தார்.

"என் கடையாம்மா இது?"

"உங்க கடைதாங்க."

"நேர்ல விட இதுல நல்லாருக்கு. பக்கத்து மொபைல் கடைக்காரர் கிட்ட இன்னைக்கே சொல்றேன்."

அவர் கொடுக்கும் பணத்தில் மூன்றில் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தபடி அவள் நடந்தே வீடு வந்தாள்.

மறுநாள் மூன்றும் பூட்டிக்கொண்டன. அவள் கவலைப்படவில்லை. முடித்த படங்கள் தனியாக இருந்தன.

முப்பத்துமூன்றாம் நாள் கண்ணாடிக்காரர் போன் செய்தார். கூட்டாளியாக இருந்த மச்சானோடு வாக்குவாதமாம். பெயர்ப்பலகையிலிருந்து மச்சான் பெயரை எடுத்தாகிவிட்டது. "அதுலயும் எடுத்துடும்மா. ஒரு பேருதானே. வியாழக்கிழமை கடை திறப்பு, செவ்வாய்க்கிழமை காட்டிடு."

ஒரு பெயர்தான். அது சின்னத்தில் இருந்தது, புகைப்படத்தின் பலகையில் இருந்தது, ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் இருந்தது. அ-வைத் திறந்தாள். சோதனைக் காலம் முடிந்ததற்கு நன்றி சொன்னது. ஆ ஒரு அழுமூஞ்சிப் பொம்மையைக் காட்டியது. இ நேராக வங்கி அட்டை எண்ணைக் கேட்டது. ஒன்றின் கோப்பு மற்றொன்றில் திறக்காது என்பது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். நோட்டில் பதினைந்தாவது வரிசை அது. மூன்றுக்கும் ஒரே மதிப்பெண் போட்டிருந்ததால் அந்த வரிசையால் எந்த வித்தியாசமும் வரவில்லை. மூன்றையும் சேர்த்து வாங்கினால் கண்ணாடிக்காரர் தருவதைப் போல இரண்டு மடங்கு ஆகும்.

"நான் எடுத்துட்டு வரவா அண்ணி?" என்றான் ஓசி. "ஒருத்தன் பூட்ட உடைச்சு எல்லாத்தையும் வெச்சிருக்கான்."

"வேணாம். பில்லு இல்லாத பொருள நான் தொட்டதில்ல."

அன்று மத்தியானம் அவளே அவனுக்குப் போன் செய்து எடுத்து வரச் சொன்னாள். அவன் கிண்டல் எதுவும் செய்யவில்லை. அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. உடைத்த அ நிறுவப்பட்டது, திறந்தது. அவளுடைய கோப்பைக் கொடுத்தாள். இந்தக் கோப்பு என்னைவிடப் புதிய பதிப்பில் செய்யப்பட்டது, திறக்க இயலாது என்றது. உடைத்த ஆ திறக்கவேயில்லை. இ-யை உடைக்க ஆளில்லை என்றான்.

மிச்சம் இருந்தது ஈ. அதன் மேல் அவளுக்கு இப்போது இளக்காரமில்லை. முன்பே அதைப் பழகியிருந்தால் இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் அதிலேயே செய்திருக்கலாம், அதுவும் கெட்ட சரக்கில்லை. ஆனால் இருந்தது மூன்றே நாள். தட்டையான படங்களின் மேல் வண்ணத்தைப் பூசி எழுத்தை மறைத்து, மறைத்த இடத்தில் வேறு எழுத்தை வைத்தாள். பூசிய இடம் பூசியதாகவே தெரிந்தது. சின்னத்தின் வளைவு பல் போன சீப்பு மாதிரி இருந்தது. கணவன் பின்னால் நின்று பார்த்தான்.

"நல்லாத்தானே இருக்கு?"

"பொய் சொல்லாதீங்க."

"தூரத்திலேர்ந்து பாத்தா..."

"இத யாரும் தூரத்திலேர்ந்து பாக்க மாட்டாங்க."

செவ்வாய்க்கிழமை கண்ணாடிக்காரர் பார்த்தார். அலமாரி வந்திருந்தது, அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவளுக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னார். பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. அன்னைக்குக் காட்டினது கண்ணாடி போட்டுப் பாத்த மாதிரி இருந்துச்சு. இது கழட்டிட்டுப் பாத்த மாதிரி இருக்கு."

"ஒரு வாரம் குடுத்தீங்கன்னா..."

"வியாழக்கிழமை திறப்பும்மா. பலகை எழுதினவரே ஒரு பக்கம் போட்டுத் தர்றேங்கறாரு. எனக்குன்னு கேட்டா நீ பண்ணினதுதான் புடிச்சுது." அவர் மெதுவாகவே சொன்னார். "அந்தப் பேரு மட்டும் இல்லாம இருந்திருந்தா."

மொபைல் கடைக்காரரைப் பற்றி அவள் கேட்கவில்லை. வெளியே வரும்போது அந்தக் கடைக்காரர் தன் வாசலில் ஏணி மேல் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துவிட்டு விளக்கைப் பார்த்தார்.

நாற்பதாம் நாள் காலை, மடிக்கணினியை மூடி ஒதுக்கிவிட்டு மேசையில் கோடு போட்ட தாளை வைத்தாள். கணவன் சட்டைப் பித்தானைப் போட்டபடியே பக்கத்தில் வந்தான்.

"இன்னும் ஒரு மாசம் பாரேன். நான் ஓவர்டைம் கேக்கறேன்."

"மேனேஜர் இன்னும் லீவு தர மாட்டாருங்க."

"கேட்டுப் பாக்கலாமே."

"எதுக்கு? இப்ப எது வாங்கணும்னு கேட்டா, இன்னைக்கும் எனக்குத் தெரியல."

அவன் கைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டான். ஏதோ ஒரு கட்டடத்தில் யாரோ இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

அனுப்புநர், பெறுநர், பொருள்: பணிக்குத் திரும்புதல். பள்ளியில் சொல்லிக்கொடுத்த இடத்தில் ஒவ்வொன்றையும் வைத்தாள். விடுப்பு தந்ததற்கு நன்றி. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பணியில் சேர்கிறேன். அதே இருக்கையைத் தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். 'அதே' என்பதை அடித்தாள். அடித்தல் திருத்தலோடு அனுப்பக் கூடாது என்பதால் வேறு தாளில் முழுவதையும் மறுபடி எழுதினாள். இரண்டாம் தடவையும் 'அதே' தானாக வந்து விழுந்தது. விட்டுவிட்டாள்.

மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தாள். பசையை ஓரம் வரை தடவி, பிரியாமலிருக்க உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நூறு எண்ணினாள். தபால் நிலையத்தில் ஒரே ஒரு ஜன்னல்தான் திறந்திருந்தது. அங்கிருந்த பெண் உறையை எடை போட்டு, தபால்தலையை ஒட்டி, முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

"உள்ளூர்தானே? நாளைக்குப் போயிடும்" என்று சொல்லி, பின்னாலிருந்த பைக்குள் அதைப் பார்க்காமலே போட்டாள்.