முக்கால் தைத்த போர்வை

அந்தப் பெயரை அவளுக்கு வைத்தது அவளுடைய ஓரகத்திதான். கணவனின் அண்ணன் மனைவி. குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் 'பெரியவள்'. ஒரு விடுமுறை நாளில் உறவுக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தபோது, பெரியவள் தானாகவே போய் இவளுடைய அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தாள். உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் காட்டினாள். ஒரே ஒரு கை வைத்த ஸ்வெட்டர். பிடி இல்லாத குரோஷா பை. வாலில்லாத மயில் போட்ட தலையணை உறை. ஜோடி இல்லாத ஒற்றைக் காலுறை.

"பாத்தீங்களா, எதை எடுத்தாலும் முக்கால்தான் இருக்கு. நமக்கு முக்கால்னு ஒரு மருமக வாய்ச்சிருக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். கணவனும் சிரித்தான். அதற்குப் பிறகு "முக்கால் எங்க?", "முக்கால் டியூட்டிக்குப் போயாச்சா?" என்றே வீட்டில் பேச்சு.

அவளும் சிரித்து வைத்தாள். சொன்னது பொய்யில்லையே. அவள் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றோடு வரிசையில் காத்திருப்பவர்களின் கையில் நரம்பு தேட ஆரம்பித்தால், முதுகு நிமிர மூன்று மணியாகிவிடும். வீட்டுக்கு வந்தால் சமையல், துணிமணி, மகளின் பாடம். கைவேலைக்கென்று மிஞ்சியது பேருந்தில் போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். அதுவும் உட்கார இடம் கிடைத்தால். புதிதாக எதையாவது பார்த்தால் கை நமநமக்கும். உடனே நூல் வாங்கி ஆரம்பித்துவிடுவாள். சுவாரசியமான பகுதியெல்லாம் தீர்ந்து, ஓரம் மடிப்பதும் முடிச்சு போடுவதும் பாக்கி என்று வரும்போது வேறொன்று கண்ணில் படும்.

போர்வை மட்டும் அப்படியில்லை. நான்கு வருடங்களாக விடாமல் தைத்தாள். மகளுக்குச் சிறிதாகிப்போன கவுன்கள், கணவனின் காலர் நைந்த சட்டைகள், தன்னுடைய பழைய நீலச் சீருடை எல்லாவற்றையும் வெட்டி, ஆறு பக்கம் உள்ள சின்னச் சின்னத் துண்டுகளாக்கினாள். ஒவ்வொரு துண்டும் வடிவம் கெடாமல் இருக்க, உள்ளே அதே அளவில் ஒரு காகிதத்தை வைத்துத் துணியைச் சுற்றி மடித்து ஓட்டுத் தையல் போட வேண்டும். பிறகு பக்கத்துத் துண்டோடு விளிம்பில் விளிம்பு வைத்துப் பொடித் தையலாக இணைக்க வேண்டும். ஆறு பக்கமும் இணைந்த பிறகுதான் உள்ளே இருக்கும் காகிதத்தை உருவி எடுக்கலாம். காகிதத்துக்குப் பஞ்சமில்லை, பரிசோதனைக் கூடத்தில் தப்பாக அச்சாகி ஒதுக்கிய படிவங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஆயிரத்து நூறு துண்டுகள் சேர்ந்திருந்தன. இன்னும் இரண்டு வரிசை, பிறகு கரை, அடித்துணி. அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டி வந்தது. சாமான்களில் பாதியைப் பெரியவள் வீட்டு மாடி அறையில் இரண்டு வாரம் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது போர்வை இருந்த அட்டைப்பெட்டி மட்டும் இல்லை.

பெரியவளிடம் கேட்டாள்.

"எந்தப் பெட்டி? எல்லாத்தையும்தான் எண்ணிக் குடுத்தேனே. உன் குப்பையில நீயே எங்கயாவது சொருகி வெச்சிருப்ப, நல்லாத் தேடு."

தேடினாள். மூன்று மாதம் தேடினாள். பரணில் ஏறினாள், கட்டிலைப் புரட்டினாள். வெள்ளையடித்த ஆட்களைச் சந்தேகப்பட்டாள். ஒருநாள் ஆத்திரத்தில் மகளை ஓங்கி அறைந்துவிட்டாள், பழைய பேப்பரோடு நீதான் எடுத்துப் போட்டிருப்பாய் என்று. பதினான்கு வயதுப் பெண் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. கடைசியில் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டாள். எதையும் உருப்படியாக வைத்துக்கொள்ளத் தெரியாதவள் நான், எனக்கு இது வேண்டியதுதான் என்று.

ஒருநாள் மதியம், யாரோ காத்திருப்பு அறையில் விட்டுப்போன செய்தித்தாளை மடித்து வைக்கப்போனவள், நாலாம் பக்கத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். ஊர்க் கைவினைக் குழு ஒரு மண்டபத்தில் நடத்திவரும் கண்காட்சி. முதல் பரிசு பெற்ற போர்வைக்கு முன்னால் பெரியவள் நின்றுகொண்டிருந்தாள். கீழே இப்படி இருந்தது: 'நான்கு ஆண்டு உழைப்பு. ஒவ்வொரு தையலும் என் கையால் போட்டது என்கிறார் இந்த இல்லத்தரசி.'

ஒரு மணி நேரம் முன்னதாகவே விடுப்பு சொல்லிவிட்டு நேராக அந்த மண்டபத்துக்குப் போனாள். போர்வை சுவரில் தொங்கியது. மூலையில் மகளின் யானைப் படம் போட்ட கவுன். நடுவே தன் சீருடை நீலம். தொட்டுப் பார்த்தாள். கடைசி இரண்டு வரிசையும் கரையும் மெஷின் தையல். யாரோ தையற்காரி அரை நாளில் ஓட்டித் தள்ளியிருந்தாள். தான் கடைசியாகக் கையால் தைத்த வரிசையை அழுத்தினால் உள்ளே சரசரவென்றது. காகிதத்தைக்கூட எடுக்காமல் அப்படியே வைத்து மூடியிருந்தார்கள்.

மகளை அறைந்த கை அந்தத் துணி மேல் இருந்தது. அதைத்தான் முதலில் நினைத்தாள்.

விஷயத்தைக் கேட்ட கணவன் வெகுநேரம் தலையைச் சொறிந்தான். "அண்ணன் காதுக்குப் போனா மனசு உடைஞ்சிடுவார். நான் அண்ணிகிட்ட காதும் காதும் வெச்ச மாதிரி பேசிட்டு வரேன்" என்று போனான். திரும்பி வந்தவன் முகத்தைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான்:

"தெரியாம பண்ணிட்டாங்களாம். சும்மா கிடந்துச்சு, எலி கடிக்கப் போகுதேன்னு எடுத்தாங்களாம்."

"வேற என்ன சொன்னாங்க?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப?"

"சொல்லுங்க."

"முக்காலா இருந்ததை நான்தான் முழுசாக்கினேன், அவ எனக்கு நன்றி சொல்லணும்னு. விளையாட்டாத்தான் சொன்னாங்க."

 அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து, ஒற்றைக் கை ஸ்வெட்டரை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த பத்து வாரத்தில் அவள் செய்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை. ஸ்வெட்டருக்கு இரண்டாவது கை ஒன்பது நாளில் இறங்கியது. பேருந்தில் இடம் கிடைக்காத நாட்களில் கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டே பின்னினாள். பைக்குப் பிடி வைத்தாள். மயிலுக்கு வால் போட்டாள், பச்சையில் நான்கு சாயல் மாற்றி. முன்பெல்லாம் அலுப்பாக இருந்த முடிச்சும் மடிப்பும் இப்போது அலுக்கவே இல்லை. ஒவ்வொரு தையலுக்கும் மனதுக்குள் ஒரு வார்த்தை இருந்தது. எதுவும் வெளியே சொல்லக்கூடியதில்லை. கோபம் இவ்வளவு நல்ல வேலைக்காரி என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

முடித்தவற்றை அவள் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. கைவினைக் குழுவின் செயலாளர், நூலகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள், மாதம் ஒருமுறை சர்க்கரை பார்க்க இவளிடம்தான் கை நீட்டுவார். ஸ்வெட்டர் அவருக்குப் போனது.

"எவ்வளவு நேர்த்தி. யார்கிட்ட கத்துக்கிட்டே?"

"எங்க அக்காகிட்டதான் அம்மா. உங்க குழுவுல முதல் பரிசு வாங்கினாங்களே, அவங்கதான். நான் அவங்க கால்தூசிக்கு ஆக மாட்டேன். ஆனா அவங்க கூச்ச சுபாவம், தானா வந்து சொல்லித்தர மாட்டாங்க. நீங்கதான் விடாம கேக்கணும்."

பை, குழுவில் இருந்த பள்ளி ஆசிரியைக்குப் போனது. தலையணை உறை மருந்துக்கடைக்காரரின் மனைவிக்கு. எல்லோரிடமும் அதே பேச்சு, அதே பணிவு. அவர்கள் பெரியவளை விடவில்லை. கடைத்தெருவில் மடக்கினார்கள், வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார்கள். பெரியவள் முதலில் முழங்கால் வலி என்றாள், பிறகு கண்ணில் புரை என்றாள். செயலாளர் அம்மாள் லேசில் விடுகிறவர் இல்லை. "உட்கார்ந்து சொல்லுங்க போதும், நாங்க செஞ்சுக்கறோம்" என்று ஒரு சனிக்கிழமை காலை பத்து மணியைக் குறித்து, நோட்டீசும் ஒட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பெரியவளிடமிருந்து போன் வந்தது. அப்படி ஒரு குழைவான குரலை அவள் கேட்டதே இல்லை.

"நாளைக்கு நீயும் வந்துடேன்மா. என் பக்கத்துல உக்காந்துக்கோ. எதாவது கேட்டா நீ கொஞ்சம் செஞ்சு காட்டிடு. நமக்குள்ள என்ன இருக்கு?"

"கண்டிப்பா வரேன் அக்கா. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க."

போனை வைத்துவிட்டு, தையல் பிரிக்கும் சின்னக் கத்தியைக் கைப்பையின் உள்ளறையில் போட்டுக்கொண்டாள்.

மண்டபத்தில் இருபத்தைந்து பெண்கள் வந்திருந்தார்கள். மேசை மேல் போர்வையை விரித்திருந்தார்கள். பெரியவள் பட்டுப்புடவை உடுத்தி வந்து, வண்ணங்களைப் பற்றியும் பொறுமையைப் பற்றியும் பத்து நிமிடம் அழகாகவே பேசினாள். பிறகு தைத்துக் காட்டச் சொன்னார்கள். அவள் சிரித்துக்கொண்டே இவள் பக்கம் திரும்பினாள்.

"என் கை இன்னைக்குச் சரியில்ல. என் தங்கச்சி செஞ்சு காட்டுவா."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரிஞ்சது முக்கால்தான். முழுசாத் தெரிஞ்சவங்க அக்காதான். வீட்டுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. நீங்க சொல்லுங்க அக்கா, நீங்க சொல்றபடி செய்யறேன். முதல்ல என்ன பண்ணணும்?"

பெரியவளின் சிரிப்பு உதட்டில் அப்படியே இருந்தது, ஆனால் கண்கள் மாறிவிட்டன. "முதல்ல... துணியை வெட்டணும்."

"வெட்டியாச்சுன்னு வெச்சுக்குங்க. அடுத்து?"

"அப்புறம் ஒண்ணோட ஒண்ணு வெச்சுத் தைக்கணும்."

ஆசிரியை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டாள். "இத்தனை துண்டும் கோணாம ஒரே அளவா இருக்கே, எப்படி? உள்ள பேப்பர் வெப்பாங்கன்னு எங்கயோ படிச்சேன். நீங்க எவ்வளவு கனமான பேப்பர் வெச்சீங்க?"

"பேப்பரா? துணிக்குள்ள யாராவது பேப்பர் வெப்பாங்களா? எல்லாம் கண் அளவுதான்."

 செயலாளர் அம்மாள் போர்வையின் ஓரத்தை ஒட்டி விரலால் அழுத்திப் பார்த்தார். சரசரவென்றது. "இதைக் கஞ்சி போட்ட மொடமொடப்புன்னுல்ல நெனச்சேன்" என்றார் மெதுவாக.

"பிரிச்சுப் பாக்கட்டுமா அம்மா?" என்று அவள் கேட்டாள். அவர் தலையசைத்தார்.

ஒரு விரல் நீளத்துக்குத்தான் பிரித்தாள். அவசரப்படவில்லை. உள்ளிருந்து ஆறு பக்கக் காகிதம் ஒன்றை உருவி, செயலாளர் அம்மாளின் உள்ளங்கையில் வைத்தாள். மாதாமாதம் அவர் வாங்கிப்போகும் அதே படிவம். மருத்துவமனைப் பெயரின் பாதியும், அதற்குக் கீழே 'சாப்பிடுவதற்கு முன்' என்ற அச்சும் இருந்தன. அவர் அதைப் படித்தார். அவளைப் பார்த்தார். பிறகு பெரியவளைப் பார்த்தார். காகிதம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறி அந்த வரிசை முழுக்கப் போனது. அது திரும்பி வருவதற்குள் பெரியவள் எழுந்து, நாற்காலியில் இடித்துக்கொண்டு, வெளியே போய்விட்டாள். படியிறங்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டதை சன்னல் வழியே எல்லோரும் பார்த்தார்கள்.

பரிசுக் கோப்பையைக் குழு திருப்பி வாங்கிக்கொண்டது. இவளுக்குத் தர வந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டு, போர்வையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் கணவனின் அண்ணன் வீட்டுக்கு வந்தார். வைத்த தேநீரைத் தொடவில்லை.

"தப்புதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா வீட்டுக்குள்ள கேட்டிருக்கலாமேம்மா. இப்படி நாலு பேர் நடுவுல..."

"வீட்டுக்குள்ளதான் கேட்டேன் அத்தான். குப்பைன்னு சொன்னாங்க. எனக்குப் பேர் வெச்சதும் நாலு பேர் நடுவுலதான்."

அவர் எழுந்து போனார். கணவன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம் என்றான். "அன்னிக்கு நீங்க சிரிக்காம இருந்திருந்தா போயிருக்க மாட்டேன்" என்றாள். 

மகளிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பெண் பெருந்தன்மையாக, "விடும்மா. ஆனா பெரியம்மா அழுதாங்களாமே, உனக்குப் பாவமா இல்லையா?" என்று கேட்டது. அவள் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். பாவம் என்ற ஒன்று உள்ளே எங்கேயாவது கிடக்கிறதா என்று, போர்வையைத் தேடியதுபோலவே தேடினாள். கிடைக்கவில்லை. அந்தக் காகிதம் வரிசையில் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போயிருக்கலாம் என்றுதான் தோன்றியது. அதை மகளிடம் சொல்லவில்லை.

மெஷின் தையல் முழுவதையும் பேருந்தில் வைத்தே பிரித்தாள். தையற்காரி ஓட்டிய இரண்டு வரிசையையும் எடுத்தெறிந்துவிட்டு, புதிதாகத் துண்டு வெட்டி, கையால் தைத்தாள். கரை வைத்தாள், அடித்துணி கோத்தாள். ஐந்து மாதம் பிடித்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் கணவனின் அண்ணன் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். போகாமல் இருக்க முடியாது. சமையலறையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவள் இளைத்திருந்தாள். நாலைந்து தட்டுகளைத் துடைத்து வைத்தாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"ஒரு தடவை கொண்டு வந்து காட்டேன். நல்லா வந்திருக்கும்."

கேட்ட விதத்தில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே பார்க்க ஆசைப்பட்டாள் போலத்தான் இருந்தது. அதுவே அவளுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. ஆசை இருந்தால்தானே மறுப்பது உறைக்கும்.

"மாட்டேன் அக்கா" என்றாள். துடைத்த தட்டை அடுக்கின் மேல் வைத்துவிட்டு, அடுத்த தட்டை எடுத்தாள்.